நான்கு ஆண்டுகள் பிந்திய நன்றி நவிலல்

அன்புடையீர்,

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியவர்களுக்கும் நன்றி நவின்று நாலு வரி வெளியிடுவது வழக்கம். 2021 ஓகஸ்ட் கடைசி வாரத்தில் எங்கள் அப்பா கொரோனாவால் காலமானபோது நாங்கள் அந்த நாலு வரியை வெளியிடவில்லை. ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவிலிருந்து ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடே முடங்கிக் கிடந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர் எவருமில்லை, யாருக்கு நன்றி சொல்வது என்று அப்போது நினைத்தேன்.

அப்பா வைத்தியசாலையிலிருந்து முத்திரையிட்ட பெட்டியாகவே வெளியே வந்தார். முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நாங்கள் நம்பும் கன்னியாவுக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்யவும் வழியிருக்கவில்லை. ஆனால் தகனசாலைக்குப் போன வாகனம் எங்கள் ஒழுங்கையின் முகப்பில் அரை நிமிடம் ஊர்ந்து போனது. தலை முதல் கால் வரை மூடிய உடையில் இருந்த அந்தச் சாரதியை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவேதான் வேகத்தைக் குறைத்தார். அப்போது ஒவ்வொரு படலைக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவரும் வரவில்லை என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்த நான் அந்த விளக்குகளைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சாரதிக்கும், விளக்கேற்றிய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்கு அந்த நோய் தொற்றவில்லை. பரிசோதனை ஒவ்வொரு முறையும் இல்லையென்றே வந்தது. என்றாலும் நோயாளியாகிப் போனவள் நான்தான். அப்பாவுக்காக எதிர்வீட்டு ரீச்சரிடம் இரவல் வாங்கிய, இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இரவில் இருபது முறையாவது விரலில் மாட்டிப் பார்ப்பேன். 97 என்று காட்டினால் ஒரு மூச்சு விடுவேன். விரல் குளிர்ந்திருந்து 93 என்று காட்டினால் கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் மாட்டுவேன். பகலில் கடைக்காரர் தந்த நோட்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயவிட்டேன். தோல் வெடித்துப் போன கைகளைப் பார்த்து என் மகன் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"யுத்தத்தையும் பார்த்தோம், சுனாமியையும் பார்த்தோம், இது என்ன பெரிய விஷயம்?" என்று பலர் தேற்றினார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமே கூடியது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்த அன்று இரவு நாங்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருந்தோம். ஒருத்தி அழுதால் பக்கத்துப் பாயில் கிடந்தவள் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பாள். ஷெல் அடித்த காலத்திலும் ஒரே பங்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த நோயோ, கட்டிப்பிடிக்க வருபவரைக் கண்டே பயப்பட வைத்தது. அதனால்தான் பழைய துணிச்சல் எதுவும் இங்கே உதவவில்லை என்று எண்ணுகிறேன்.

தைரியமாக இரு என்று சொல்லாத முதல் ஆள், கிண்ணியாவிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா. அவருடைய தாயார் 2020 டிசம்பரில் இதே நோயால் மௌத்தாகியிருந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை கொரோனாவால் இறந்த எவரையும் அடக்க முடியாது, எரிக்கவே வேண்டும் என்ற விதி இருந்தது; இறந்தவரை அடக்குவதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும் அதே விதிதான். மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது அதற்குப் பின்னர்தான். மீன் பையைப் படலையில் கொழுவிவிட்டு, ஆறடி தள்ளி நின்று, "உம்மாட முகத்த நானும் பாக்கல்ல தங்கச்சி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முகம் பார்க்காததால்தான் அப்பா இன்னும் வைத்தியசாலையில் இருப்பதாகவே மனம் நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். அன்றுதான் அழுதேன். நானா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது.

மனநலப் பிரிவுக்கு என்னைக் கூட்டிச்சென்றவள் என் தங்கை. "விசர் பிடித்தவர்கள்தான் அங்கே போவார்கள்" என்று அவளோடு சண்டை பிடித்ததை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். நோய் பரவிய முதல் ஆண்டில் உலகெங்கும் பதகளிப்பும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருப்பதை அங்கிருந்த வைத்தியர் எடுத்துச் சொன்னபோது, வரிசையில் நான் தனியே நிற்கவில்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. விரலில் மாட்டிப் பார்த்ததும் வரும் அந்த ஒரு கண நிம்மதிதான் மறுபடியும் பார்க்கத் தூண்டுகிறது என்று அவர் விளங்கப்படுத்தினார்; பார்க்கத் தோன்றும்போது முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது நிமிடம் தள்ளிப்போடச் சொன்னார். அந்தப் பத்து நிமிடங்களில் தொலைபேசியில் என்னோடு கதைத்துக்கொண்டே இருந்த சிநேகிதிக்கு நன்றி. மீன் குழம்பு வைக்கும் விதத்தை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

நிவாரணப் பொதி சுமந்து வந்த இளைஞர்களுக்கும், முடக்கத்தினூடே பாண் கொண்டுவந்த முச்சக்கரவண்டித் தம்பிக்கும், நாள்தோறும் விசாரித்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நன்றி.

எதிர்வீட்டு ரீச்சர், நீங்கள் ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை. ஒக்சிமீற்றர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பற்றரியைக் கழற்றி வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
மூத்த மகள்
திருகோணமலை