சாயும் பாலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூக்குப் பாலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், இங்கிலாந்தின் நியூகாசில், கேட்ஸ்ஹெட் நகரங்களுக்கிடையே டைன் ஆற்றின் மீது அமைந்துள்ள மில்லேனியம் பாலம் இடம்பெறாதது பெருங்குறையே. 2001 செப்டம்பரில் பயன்பாட்டுக்கு வந்த அப்பாலம், நடந்து செல்வோருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் மட்டுமே உரியது. கப்பல் வரும்போது அதன் தளம் இரண்டாகப் பிளப்பதில்லை. வளைந்த நடைதளமும், அதைக் கம்பிவடங்களால் தாங்கி நிற்கும் வில்வளைவும் ஒருசேர 40 பாகை சாய்கின்றன. தளம் எழ, வளைவு தாழ, கண்ணிமை திறப்பதுபோல் சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு வழி பிறக்கிறது. ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இவ்வேலையின்போது, தளத்தில் கிடக்கும் குப்பைகள் உருண்டு சென்று முனைகளில் உள்ள தொட்டிகளில் தாமே விழுந்துவிடுகின்றன. 2002ஆம் ஆண்டில் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, மிதிவண்டிகளுக்குச் சற்றே தாழ்வான தனித்தடம் ஒதுக்கி, நடப்பவரை ஒதுங்கச் சொல்லாமல் விட்ட அக்கறைதான். கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், இப்பாலத்தைப் படத்துடன் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்