பீரோவைத் திறக்க ஓர் ஆணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நூலகத்துக்கு எந்தெந்த நூல்களை வாங்கலாம் என்று பேசுவதில் பாதியளவுகூட, வாங்கிய நூல்கள் பிள்ளைகளின் கண்ணில் எப்படிப் படுகின்றன என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளில் சின்னஞ்சிறு படக்கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிகளிலும் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமிருக்கிறது. ஆக, நல்ல புத்தகமே இல்லை என்று இன்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

சிக்கல் அடுக்கும் முறையில் இருக்கிறது. பதினாறு, இருபது பக்கங்களில் நடுவே பின் அடித்து வரும் புத்தகத்துக்கு முதுகு என்று ஒன்று கிடையாது. அதைப் பீரோவில் செங்குத்தாக நிறுத்தினால் தலைப்பும் தெரியாது, படமும் தெரியாது, வெள்ளைத் தாளின் விளிம்பு மட்டுமே தெரியும். சற்றுக் கனமான நூலாக இருந்தால், நாள்பட உழைக்கட்டும் என்று அட்டையைக் கிழித்தெடுத்துவிட்டு காலிகோ துணியால் பைண்டிங் போட்டு, வரிசை எண்ணை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அட்டையில் யானை ஊஞ்சலாடிக்கொண்டிருந்த கதைப் புத்தகம், அதற்குப் பிறகு கணக்குப் பதிவேட்டின் தம்பியைப்போல நிற்கும். நான்காம் வகுப்புக் குழந்தை எதைப் பார்த்து அதைக் கையில் எடுக்கும்? வகுப்பறைச் சுவரோரம் கயிறு கட்டி அட்டை வெளியே தெரியும்படி தொங்கவிட்டு, வாரத்துக்கொரு முறை மாற்றினாலே போதும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இது ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. அவர்களைத் தயங்கவைப்பது இருப்புப் பதிவேடு. நூலகப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் ஆசிரியர், தணிக்கையின்போது குறையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தாமே பணம் கட்ட நேருமோ என்று அஞ்சுகிறார். அஞ்சுகிறவர் பூட்டித்தான் வைப்பார். பள்ளிகளில் முப்பதாண்டுக் காலம் பணிபுரிந்த எவரும் அவரைக் குறைகூற மாட்டார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நம் பள்ளிகளில் அந்த வேலையைப் பீரோ சாவி செய்கிறது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் தொலைவது, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளப்படலாம் என்கிறது அது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பெரியவர்கள் புழங்கும் நூலகங்களுக்கே இந்தத் தளர்வு உண்டென்றால், ஏழு வயதுக் குழந்தை மடியில் வைத்துப் புரட்டும் இருபது பக்கப் புத்தகத்துக்கு இதைவிடத் தாராளமான அளவுகோல் தேவை. கிழிந்துபோவது அங்கே இழப்பாகாது. அது படிக்கப்பட்டதற்கான சான்று.

எனவே, பள்ளிக் கல்வித் துறை தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கென்று ஆண்டுதோறும் இழப்பாகக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளத்தக்க நூல்களின் அளவை வரையறுத்து, அது ஒவ்வொரு தலைமையாசிரியர் கைக்கும் தணிக்கை அலுவலர் கைக்கும் எட்டும்படி எழுத்துப்பூர்வமான ஆணையாக வெளியிட வேண்டும். படக்கதைப் புத்தகங்களின் அட்டையை நீக்கி பைண்டிங் செய்யக் கூடாது என்பதையும், வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும் என்பதையும் அதே ஆணையில் சேர்த்துவிடலாம். கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே அது வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.