தாக்க அறிக்கை எழுதுபவர்களுக்கு: அந்தத் தவளைக்கு ஒரு வரி போதாது

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் வல்லுநர்களுக்கும், அதைப் படித்து அனுமதி தரும் குழுவினருக்கும்,

வணக்கம். திட்டம் வரப்போகும் ஒரு நிலத்தில் செம்மரம் இருந்தால் அறிக்கையில் அதற்குத் தனிப் பகுதியே ஒதுக்குகிறீர்கள். ஒதுக்கத்தான் வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திராவில்தான் அது இயற்கையாக வளர்கிறது. வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், வெட்டிக் கடத்த ஒரு இரவு போதும். எந்த இனம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று உலக அளவில் தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலில் 2018-ல் அதன் நிலையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், 2021-ல் மறுபடியும் அழியும் ஆபத்தில் உள்ள மரம் என்றே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, ஏரியும் சதுப்பும் வரும்போது? வயலில் பார்க்கும் அந்தப் பெரிய தவளை, புல்ஃபிராக் என்பார்களே, அதன் பெயருக்கு நேரே, அதே சிவப்புப் பட்டியலிலிருந்து எடுத்த 'கவலை குறைந்த இனம்' என்று ஒரு வரி. பல அறிக்கைகளில் அதோடு கதை முடிந்துவிடுகிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாகிஸ்தான் முதல் மியான்மர் வரை பரவிக் கிடக்கும் ஓர் இனம் அடியோடு அழிந்துபோகுமா என்ற கேள்விக்கான பதில் அது. இந்தக் குளத்தைத் தூர்த்தால் இங்கே என்ன ஆகும் என்று அது சொல்லவே சொல்லாது.

ஏராளமாகக் கிடைக்கிறது என்றுதானே இதன் கால்களை வெட்டி டன் கணக்கில் ஏற்றுமதி செய்தார்கள்? 1985-ல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தும் போதாமல், 1987-ல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது.

அப்புறம், கோடையில் போய்க் கணக்கெடுத்தால் தவளை எப்படிக் கண்ணில் படும்? மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். முதல் பெருமழை பெய்த கையோடு போங்கள். ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்ப, ஆழமில்லாத தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், ஆனால் அந்தத் தண்ணீர் சில வாரமாவது நிற்காவிட்டால் ஒரு தலைப்பிரட்டையும் தவளையாகாது.

ஆகவே மரத்தை எண்ணுவதுபோல் தவளையை எண்ணினால் மட்டும் போதாது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, மழைக்கால இரவில் என்னென்ன குரல் கேட்டது, இவ்வளவும் எழுதுங்கள். குழுவினரே, மழைக்காலக் கணக்கு இல்லாமல் ஈரநில அறிக்கை வந்தால், தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.