ரவுண்டில் தொலையும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டிஷ் பப்களைப் பற்றிய கட்டுரை, பைன்ட் என்பதை 'ஒரு கிளாஸ்' என்று கடந்துவிட்டது. ஒரு பைன்ட் 568 மில்லி. மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஆல்கஹாலை அளக்கும் அந்நாட்டு 'யூனிட்' கணக்கு வரும்: 4 சதவீத பீர் 2.3 யூனிட், 5.2 சதவீத லாகர் (ஒரு வகை பீர்) ஏறக்குறைய 3. 2016 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பதே அரசு மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை.

கணக்கைக் கெடுப்பது ரவுண்ட் வழக்கம். ஐந்து பேர் போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். வேகமோ, முதலில் காலி செய்பவருடையது. ஐந்து பைன்ட் அந்த லாகர் என்றால் வார அளவு ஒரே இரவில் தாண்டிவிடும். தன் முறை வருமுன் நழுவினால் கஞ்சன் பட்டம்தான்! ஆனால் நடுவில் அரை பைன்ட் கேட்பதில் தப்பில்லை. 'நான் ரவுண்டில் இல்லை' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடவும் செய்யலாம்.

- வாசகர்