ஆவணிக் கல்யாணத்துக்கு வந்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊருக்கெல்லாம் போய்விட்டு நல்லபடியாகத் தாம்பரம் வந்து சேர்ந்தோம். நீ போனில் கேட்டபோது "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவையும் போனில் எங்கே சொல்வது? அதான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. கடைசி வரைக்கும் படி.

அக்னி நட்சத்திரம் முடியட்டும் என்று காத்திருந்துதான் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினோம். ராஜபாளையம் வரும்போதே நன்றாக விடிந்துவிட்டது. வலது பக்கம் மலை கூடவே வந்தது. உங்கப்பா ஜன்னல் சீட்டை எனக்குத் தந்துவிட்டு, நான் அசந்த நேரம் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

முதலில் சங்கரன்கோவிலில் பெரியம்மா வீடு. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்து வைத்திருந்தாள். பக்கத்தில் கறுப்புக் குடை ஒன்று விரித்தபடி நின்றது. காக்காய்க்காம். "முன்னெல்லாம் நீங்க எட்டுப் பேரு காவலுக்கு இருந்தீய, பாதி வத்தல நீங்களே தின்னீய. இப்ப குடைதான்" என்றாள். பேரன் பேத்திகள் பெங்களூரிலிருந்து வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று கிளம்பிவிட்டார்களாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் மார்கழிக்குத்தானே வருகிறாய்!

தென்காசியில் இறங்கிக் காசிவிஸ்வநாதரைப் பார்க்காமல் போனால் உங்கப்பாவுக்கு ஆகாது. கோபுர வாசலில் அந்த மேல்காற்று அப்படியே இருக்கிறது. எனக்குக் கல்யாணமானபோது அங்கே முழுக் கோபுரம் கிடையாது, இடிந்து போய் நின்றது. 1990-இல்தான் புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர்கள் காலில் விழுவேன் என்று பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். உங்கப்பா அதை வருஷா வருஷம் எனக்குச் சொல்கிறார். இந்த வருஷமும் சொன்னார்.

குற்றாலத்தில் தண்ணீர் இல்லை. மெயினருவிப் பாறையில் சும்மா கசிந்துகொண்டிருந்தது, அதற்கே ஒரு கூட்டம்.

செங்கோட்டையில் பெரிய மாமா வீட்டில்தான் அதிக நாள் இருந்தோம். அத்தை ஒரு நாள் சொதி வைத்தாள். மிக்ஸியில் போட விடமாட்டாள், தெரியுமே. தேங்காயைத் துருவி, ஆட்டுரலில் அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்தாள். காயெல்லாம் மூன்றாம் பாலில் வேகும். முதல் பால் கடைசியில்தான், அதுவும் அடுப்பை அணைக்கிற நேரத்தில். கொதித்துவிட்டால் திரிந்துபோகும் என்று அடுப்படியில் யாரையும் பேச விடவில்லை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

நடுவில் ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் உங்கப்பாவின் சிநேகிதரைப் பார்க்கப் போனோம். 1904-இல் போட்ட மலை ரயில் பாதை அது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மீட்டர் கேஜ் ரயிலில் போயிருக்கிறாய். 2010-இல் அதை நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். ஏற்றம் என்பதால் பின்னாலும் ஒரு எஞ்சின் கோத்துத் தள்ளுகிறார்கள். பகவதிபுரம் வரைக்கும் காய்ந்த காடு, சூடான காற்று. அப்புறம் குகை. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்தின, கூடச் சேர்ந்து ஒரு பெரிய மனுஷனும் கத்தினார், யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. குகையை விட்டு வெளியே வந்தால் ஆரியங்காவில் மழை! ஜன்னல் கம்பியெல்லாம் நனைந்துவிட்டது. பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். சிநேகிதர் புனலூர் ஸ்டேஷனுக்கே குடையோடு வந்துவிட்டார். ரெண்டு பேரும் கல்லடை ஆற்றுத் தூக்குப் பாலத்தில் நின்று மழையையும் பார்க்காமல் ஆபீஸ் கதை பேசினார்கள். அவர் மலையாளத்தில் கேட்டால் இவர் தமிழில் பதில் சொல்வார். எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் வழக்கம்போலத்தான். வாசலில் கறிவேப்பிலைச் சருகு, மேஜையில் விரல் வைத்தால் தூசி. எதிர்வீட்டு அக்கா துளசிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்ததால் அது பிழைத்தது. மல்லிகை போய்விட்டது. பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் உனக்குத்தான். பெரியம்மா கொடுத்த கூழ்வத்தலில் உன் பங்கைத் தனியாகக் கட்டி, பேனாவால் உன் பேரை எழுதியிருக்கிறாள். அத்தை மாவடு தந்தாள். மாமா, சின்னவளுக்கென்று மரச்சொப்பு ஒரு செட் வாங்கி வைத்திருந்தார். அதை யாரிடமாவது ஜெர்மனிக்குக் கொடுத்தனுப்பு என்றார்கள். நான் தலையாட்டி வைத்தேன். கொடுத்தனுப்பப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் சின்னப் பையனுக்கு, நீ இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாயே அவனுக்கு, கல்யாணம் ஆவணி நடுவில் நிச்சயமாகியிருக்கிறது. பெண் அம்பாசமுத்திரம். நீ எப்போதும் கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் வருகிறாய். மார்கழியில் ஒரு கல்யாணம் உண்டா, காட்சி உண்டா? தி.நகருக்கு ரெண்டு நடை போவதற்குள் உன் லீவு முடிந்துவிடும். உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் எழுபது வயசுக்கு மேல் ஆனவர்கள் ராத்திரி ரயில் ஏறித் தாம்பரம் வர வேண்டியிருக்கிறது. போன தடவை பெரியம்மா வந்துவிட்டுப் போய் ஒரு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், சொல்லிவிட்டேன்.

மியூனிக்கில் ஆகஸ்ட் பிறந்ததும் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் பாதி வரைக்கும் லீவுதானே? இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வராதே, ஆகஸ்டில் வா. மாப்பிள்ளைக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காவிட்டால் நீயும் பிள்ளைகளும் முன்னால் வாருங்கள், அவர் கல்யாணத்துக்கு வரட்டும். சீக்கிரம் வந்தால் குற்றாலத்தில் சீசனும் இருக்கும். மெயினருவியில் கூட்டமென்றால் சின்னவளைப் புலியருவிக்குக் கூட்டிப்போகலாம். மறுவீட்டுக்குச் சொதி அத்தை கையால்தான், சமையல்காரரிடம் விடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

விமான டிக்கெட் விலை கூடத்தான் இருக்கும், உங்கப்பாவும் சொன்னார். பாதி நாங்கள் தருகிறோம், மறுக்காதே. ரயிலுக்கு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், முன்பு போல 120 இல்லை. கல்யாணத்துக்குப் போகிற தேதிக்கு ஜூன் கடைசியில் திறந்துவிடும். அதற்குள் எத்தனை பேர், என்றைக்கு என்று உங்கப்பாவுக்குச் சொல்லிவிடு. காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா