கூண்டுக்கு வராத நிபுணர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்ற வழக்குகளில் தடயவியலின் பங்கு கூடிவருவதை வரவேற்றுத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆய்வகங்களும் கருவிகளும் பெருகினால் நியாயமான தீர்ப்புகளும் தாமாகப் பெருகிவிடும் என்று கட்டுரையாளர் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்து, சம்மன் வரும்போதெல்லாம் நீதிமன்றம் போய்ச் சாட்சி சொன்னவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மருத்துவரின் சாட்சியம் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று வெளியே தெரியாது. காலையிலேயே போய் வராந்தாவில் காத்திருப்போம். பெயர் சொல்லி அழைத்ததும் கூண்டில் ஏறுவேன். சான்றிதழில் இருப்பது என் கையெழுத்துதானா என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். காயங்களை வரிசையாகச் சொல்வேன். மேசை மேல் இருக்கும் உருட்டுக்கட்டையைக் காட்டி, இதனால் இக்காயங்கள் ஏற்பட்டிருக்கக்கூடுமா என்பார். கூடும் என்பேன். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கரடுமுரடான தரையில் விழுந்தால் இத்தகைய காயங்கள் ஏற்பட வாய்ப்புண்டு என்றால் சரிதான்" என்று என் பதில் பதிவாகும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவேன். அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்டவர்கள் என் பணிக்காலம் முழுவதிலும் மிகச் சிலரே.

அவர்களில் ஒருவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அது ஒரு கொலை வழக்கு. பரிசோதனைக்கு 12 முதல் 18 மணி நேரத்துக்கு முன் இறப்பு நேர்ந்திருக்கலாம் என்று எழுதியிருந்தேன். எதிரி ஊரில் இருந்ததும் அந்த நேரத்தில்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். மூத்த வழக்கறிஞர் ஒருவர் குரலை உயர்த்தாமல், "இரவு முழுக்க உடல் எங்கே இருந்தது டாக்டர்?" என்று தொடங்கினார். பிணவறைக் குளிர்பெட்டியில் இருந்தது என்றேன். குளிரில் உடலின் விறைப்பு விலகத் தாமதமாகும் அல்லவா? ஆகும். எத்தனை மணிக்குப் பெட்டியில் வைத்தார்கள் என்று குறித்துக்கொண்டீர்களா? இல்லை. அப்படியானால் நீங்கள் சொல்லும் நேரம் முன்னே பின்னே விலகக்கூடும்? சற்றுத் தயங்கித்தான் ஆமாம் என்றேன். அன்று அவமானமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மீது கோபம்கூட வந்தது. ஆனால் அடுத்த பரிசோதனையிலிருந்து, உடலைக் குளிர்பெட்டியில் வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் குறிக்காமல் நான் சான்றிதழ் எழுதியதில்லை. கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் கற்றுத்தராததை அந்த அரைமணி நேரம் கற்றுத்தந்தது.

நானாவது கூண்டில் ஏறினேன். ஆய்வக அறிக்கைகளின் நிலை வேறு. அரசின் இரசாயனப் பரிசோதகர், தடயவியல் ஆய்வக இயக்குநர் போன்றோரின் அறிக்கையை அவர்கள் நேரில் வராமலேயே சாட்சியமாக ஏற்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அதுவே 329ஆம் பிரிவு. தேவையென்று கருதினால் நீதிமன்றம் அந்த நிபுணரை அழைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அழைத்து நான் பார்த்தது அரிது.

நஞ்சு வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் என்று உள்ளுறுப்புகளை எடுத்து, செறிவான உப்புக் கரைசலில் போட்டு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். பல வாரங்கள் கழித்து "நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று ஒற்றை வரி வரும். எந்தெந்த நஞ்சுகளைத் தேடினார்கள், எந்த முறையில் தேடினார்கள், வந்து சேர்ந்தபோது உறுப்புகள் எந்த அளவுக்கு அழுகியிருந்தன? அந்த ஒரு வரியில் இவற்றுக்குப் பதில் இல்லை. தேடியும் கிடைக்காததற்கும் தேடாமலே விட்டதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் நீதிமன்றம்தான்.

நிபுணர் தன் முடிவோடு அதற்கான காரணங்களையும் ஆதாரங்களையும் நீதிபதி முன் வைக்க வேண்டும், அவற்றைச் சீர்தூக்கி நீதிபதியே முடிவெடுக்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நெறி. அதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை டெல்லி சாவ்லா வழக்கில் கண்டோம். 2012இல் 19 வயதுப் பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு அது. மூவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் பத்து நாட்களுக்கு மேல் காவல் நிலையப் பொருள் அறையிலேயே கிடந்திருக்கின்றன. டி.என்.ஏ. அறிக்கையின் அடிப்படை என்ன, ஆய்வு முறையை நிபுணர் சரியாகக் கையாண்டாரா என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டுமே ஆராயவில்லை என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறிய பெற்றோருக்கு மகளைக் கொன்றவர் யார் என்ற விடைகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விகளை முதல் நீதிமன்றத்திலேயே கேட்டிருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞரின் இரு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொன்றதாக அவர் மீதே வழக்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று, இரண்டும் இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று புகழ்பெற்ற குழந்தைநல மருத்துவர் சாட்சி சொன்னார். உடன்பிறந்தவர்களுக்கு மரபணுவும் வீடும் பொது. ஒரு குழந்தையைப் பாதித்தது மற்றதையும் பாதிக்கலாம் என்பதால், 8,543ஐ அதே எண்ணால் பெருக்கி இரண்டாவது எண்ணைப் பெற்றது அடிப்படையிலேயே தவறு. 1999இல் ஆயுள் தண்டனை. பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் ஒரு குழந்தையின் கிருமிப் பரிசோதனை முடிவுகளை வெளியிடாமல் வைத்திருந்தது தெரிந்த பிறகு, 2003இல்தான் அந்தத் தாய் விடுதலையானார். நான்கே ஆண்டுகளில் இறந்தும் போனார். மருத்துவனாக இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வசதியுள்ள எதிரி ஓய்வுபெற்ற தடயவியல் பேராசிரியர் ஒருவரை அமர்த்தி என் சான்றிதழை வரிக்கு வரி அலசிவிடுவார். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்? சட்டப்பணிகள் ஆணைக்குழு அவருக்கு வழக்கறிஞரைத் தருகிறது. அது பெரிய உதவி. ஆனால் இரசாயன அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு நிபுணரை அப்படித் தந்து நான் கண்டதில்லை. என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாத இளம் வழக்கறிஞர், "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் அதை ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இனி வரப்போகும் அறிக்கைகளின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். காணொலி வழி சாட்சியம் வழக்கத்துக்கு வந்துவிட்ட இந்நாளில், வேலைப்பளு, பயணத் தொலைவு என்று சொல்லி நிபுணர் சாட்சி சொல்லாமல் இருக்கக் காரணமும் இல்லை. அறிக்கையோடு ஆய்வகக் குறிப்புகளும் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். சட்ட உதவி பெறும் எதிரிக்கு ஒரு நிபுணரின் ஆலோசனையும் சேர்த்துக் கிடைக்க வேண்டும்.

தங்கள் செய்தியாளர்கள் ஏதேனும் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் கடந்த ஓராண்டின் கொலை வழக்குகளை எடுத்து, அவற்றில் எத்தனை ஆய்வக நிபுணர்கள் நேரில் விசாரிக்கப்பட்டார்கள் என்று எண்ணி எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
கும்பகோணம்.