சாக்கு எடை

ஈரோடு,
மாசி மாதம், சனிக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

ஸ்தோத்திரம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அக்காவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கொஞ்சந்தான், ஆனால் கம்பெனி பஸ் வீட்டு முக்குக்கே வருகிறது என்பதில் அவள் அம்மாவுக்கு ஏகப் பெருமை. மண்டிக்குப் புது மஞ்சள் வர ஆரம்பித்துவிட்டது. வேலையை விட்டு வருஷம் மூன்றாகியும் காலையில் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போய்வந்து நீ எழுதிய நாலு பக்கத்தையும் ரெண்டு தடவை படித்தேன். ஒருத்தனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருத்தனுக்குப் பல்லடம் பக்கம் காற்றாலை, ஒருத்தன் மகன் அமெரிக்காவில். மைக் உன் கைக்கு வந்தபோது “மில்லில் கணக்கு எழுதினேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாயாம். முப்பத்து மூன்று வருஷம் மூணு வார்த்தையில் முடிந்துபோச்சு என்கிறாய். அந்த வெசனம் எனக்குப் புரியாமல் இல்லை. என் மச்சான் புதுக் காரை எங்கள் வாசலில் நிறுத்தினபோது ஒரு ராத்திரி முழுக்க நானும் தூங்கவில்லை.

கூட்டத்தைவிட, அதற்கடுத்த வாரம் சபைக் கன்வென்ஷனில் ஒருத்தர் மேடையேறி, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொன்ன சாட்சிதான் உன்னை ரொம்பக் குத்தியிருக்கிறது. சைக்கிளில் வந்தவருக்குக் கர்த்தர் நாலு கார் கொடுத்தாராம், ‘கொஞ்சத்திலே உண்மையாயிருந்ததற்கு’. மாப்ளே, மத்தேயு 25-ஐ எடுத்துப் பார். எஜமான் ஊருக்குப் போகும்போது ஊழியக்காரரிடம் தாலந்து என்கிற பெரும்பணத்தை ஒப்படைத்துப் போகிற உவமை. ஐந்து தாலந்துக்காரனுக்கு 21-ஆம் வசனம், இரண்டு தாலந்துக்காரனுக்கு 23. ஒருத்தன் பத்தாக்கிக் கொண்டு வருகிறான், இன்னொருத்தன் நாலாக்கி. ரெண்டு பேருக்கும் ஒரே பாராட்டு, ஒரு சொல் கூடக் குறையவில்லை. “அநேகத்தின்மேல் அதிகாரி என்றும் இருக்கிறதே” என்பாய். இருக்கிறது. ஆனால் அது எஜமான் திரும்பி வந்து கணக்குப் பார்த்த பிறகு. இவருக்குக் கார் முன்கூட்டியே வந்துவிட்டது!

உன்னை மாதிரி எழுத்துக்காரன் ஒருத்தன் வேதத்தில் இருக்கிறான். பாருக். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல மையால் சுருளில் எழுதினவன். யோயாக்கீம் ராஜா குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று நாலு பத்தி வாசிக்கக் கேட்டதும் சூரிக்கத்தியால் சுருளை அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி முதலிலிருந்து எழுது என்று கர்த்தரின் உத்தரவு. பாருக் எழுதுகிறான். வருஷக் கடைசியில் பேரேடு நனைந்துபோய், நீ மூன்று மாசம் ராத்திரி ராத்திரியாகத் திரும்ப எழுதினாயே, அதுதான் எனக்கு ஞாபகம் வரும். அந்தப் பாருக்கின் சகோதரன் செராயா, சிதேக்கியா ராஜாவோடு பாபிலோனுக்கே போகிற அளவுக்குப் பெரிய இடத்தில் இருந்தவன். வீட்டில் ஒப்பிட்டுப் பேசாமலா இருந்திருப்பார்கள்? எரேமியா புஸ்தகத்தில் 45-ஆம் அதிகாரம் முழுக்கப் பாருக்குக்குத்தான், ஐந்தே வசனம். “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” பதிலுக்குக் கிடைப்பது அவன் பிராணன் மட்டும். அதோடு சரி.

இதே வசனங்களை 1871-இல் முழு வேதாகமமாக வந்த தமிழ் மொழிபெயர்ப்புத் திருப்புதலில்தான் நம் தாத்தாக்கள் படித்தார்கள். அதை முன்னின்று செய்த பவர் ஐயர் பேரைச் சொல்லாத ஆள் இல்லை. அவர் கூடவே உட்கார்ந்து உழைத்த முன்ஷி முத்தையா பிள்ளையை நம் சபையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாரேன்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. இதெல்லாம் ஜெயிக்காதவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமோ என்று. அதனால்தான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

மண்டியில் நான் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த காலம். காலிச் சாக்கு முக்கால் கிலோவைத் தாண்டாது. முதலாளி மூட்டைக்கு ஒன்றரை கிலோ சாக்கு எடையாகக் கழிக்கச் சொன்னார், நான் கழித்தேன். ரெண்டு வருஷம். நாற்பது மூட்டை விரலி கொண்டு வந்த ஆளுக்கு முப்பது கிலோ மஞ்சள் என் பேனா முனையில் போய்விடும். அவர்கள் சீட்டை வாங்கி, “கணக்குன்னா செரிதானுங்க” என்று மடித்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் காணிக்கைத் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்.

நீ ஒரு நாள் என்னைப் பார்க்க மண்டிக்கு வந்திருந்தாய். டீ வரும்வரை சும்மா என் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாய். “சாக்கு இவ்வளவா கனக்குது?” என்றாய். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கணும் என்று கிளம்பிவிட்டாய். உனக்கு ஞாபகமே இருக்காது.

அடுத்த சந்தையிலிருந்து முக்கால் கிலோதான் எழுதினேன். முதலாளி திட்டவில்லை, சிரித்தார். பத்தே நாளில் என்னைத் தராசிலிருந்து எடுத்து, வாசலில் வண்டிச் சீட்டு எழுத உட்காரவைத்தார். நாலு வருஷம் சம்பளம் ஏறவில்லை. என் இடத்துக்கு வந்தவன் பழையபடி ஒன்றரையே கழித்தான், அதனால் குடியானவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் விடியவில்லை. சாட்சி சொல்ல மேடை ஏற்ற மாட்டார்கள் இதற்கு. ஆனால் வாசலில் உட்கார்ந்த அந்த நாலு வருஷத்தில், வருகிறவன் முகத்தைப் பார்த்து “வாங்க, உட்காருங்க” என்று என்னால் சொல்ல முடிந்தது.

உன் மில் கணக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. என் கணக்கில் நீ இருக்கிறாய்.

அப்புறம், அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பக்கத்து வீட்டு அம்மிணியிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடு. அரிசிம்பருப்பு சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது உன் ஞாயிறு பள்ளி ரிஜிஸ்டரை எடுத்து வா, அந்தப் பச்சை அட்டை போட்டது. இங்கே புதிதாக வகுப்பு எடுக்கும் பையன், வராத பிள்ளைகள் வீட்டுக்குப் போனதை நீ எப்படிக் குறித்து வைப்பாய் என்று பார்க்கணுமாம்.

உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி